செட்டிநாட்டில் பழைய வீடு வாங்கி, சீர்செய்து, வாடகைக்கு விட: புதிதாக இறங்குபவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் செலவை முகப்பில் செய்துவிடுகிறார்கள். நிலைக்கதவுக்கு வார்னிஷ், தூணுக்குப் பாலிஷ், திண்ணைக்குப் புதுக் கல் என்று கையில் இருப்பதில் பாதி வாசலிலேயே கரைந்துவிடும். வீடு பார்க்க வருகிற குடும்பமோ முகப்பில் நிற்பதில்லை. நேரே பின்கட்டுக்குப் போகிறார்கள். கக்கூஸ் உள்ளேயா வெளியேயா, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மீட்டர் தனியா, மழைக்கு ஒழுகுமா என்று கேட்கிறார்கள். இந்த நான்குக்கும் நல்ல பதில் இருந்தால் வீடு காலியாக நிற்காது. ஆகவே பணம் போகவேண்டிய வரிசை கூரை, தண்ணீர், கழிப்பறை, வயரிங். முகப்பு கடைசி.

எந்த ஊரில் வாங்குவது என்பதையும் குடிவருபவரை வைத்தே முடிவு செய்யுங்கள். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்), பொறியியல் கல்லூரி, வங்கிகள், மருத்துவமனைகள் இருப்பதால் மாதச் சம்பளக்காரர்களும் மாணவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். சுப்பிரமணியபுரம், செக்காலை, கழனிவாசல் பக்கம் நடுத்தர அளவு வீடு ஒன்று தரும் நிம்மதியை, கானாடுகாத்தானிலோ ஆத்தங்குடியிலோ உள்ள நாற்பது அறை வீடு தராது. அந்தப் பெரிய வீடுகள் வேறு கணக்கு. தங்கும் விடுதி நடத்துபவர்களுக்கானவை. குடும்பத்துக்கு வாடகை விடுவதற்குப் புதிதாக இறங்குபவர் 800 முதல் 1,500 சதுர அடிக்குள் ஒரு ஓட்டு வீடோ, 1970, 80-களில் கட்டிய தளம் போட்ட வீடோ எடுத்தால் போதும்.

பங்கு, பட்டா, பத்திரம்

இங்கே வீட்டின் விரிசலைவிடப் பங்கின் விரிசல்தான் அதிகம் காசு தின்னும். ஒரு வீட்டில் பல புள்ளிகள், அதாவது பங்குள்ள தனித்தனிக் குடும்பங்கள், இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் மலேசியாவில். "என் பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைவு" என்று வரும் பேச்சுக்கு இறங்காதீர்கள். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கினால், அந்த வீட்டில் கூட்டாகக் குடியிருக்கவோ அனுபவிக்கவோ அவருக்கு உரிமை கிடையாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 44-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. நீங்கள் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் போனாலும், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆவது பிரிவின்படி, குடும்பத்துப் பங்காளி ஒருவர் உங்கள் பங்கை மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். அதாவது பணம் போட்டவருக்குச் சாவியும் கிடைக்காது, வாடகையும் கிடைக்காது.

ஆகையால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்திடும் கிரயம், அல்லது பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சக்குபந்தியோடு (நான்கு எல்லை விவரத்தோடு) தனியாகப் பிரிந்த பகுதி, இரண்டில் ஒன்று இருந்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள். கேட்டு வாங்க வேண்டியவை: மூலப்பத்திரம், இடையில் உள்ள எல்லாப் பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, இறந்த பங்காளி ஒவ்வொருவருக்கும் வாரிசுச் சான்று, நத்தம் பட்டா, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை. வெளிநாட்டில் இருப்பவர் பவர் (தன் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அன்றைய தேதியில் உறுதி செய்யுங்கள். கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக இறந்துவிடும். இந்த ஊர் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளம் கொண்டவை. பட்டாவில் உள்ள நீளமும் டேப் காட்டும் நீளமும் ஒத்துப்போகிறதா என்று அளந்தே பாருங்கள். பின்தெருப் பக்கம் பத்தடி வேறு சர்வே எண்ணில் விழுந்திருப்பது உண்டு.

வாங்காமல், பங்காளிகளின் வீட்டில் ஒரு கட்டு, அதாவது ஒரு பகுதி, மட்டும் எடுத்து நிர்வகிப்பதானால் ஒன்று கவனிக்க வேண்டும். படைப்பு (முன்னோர்க்குப் படையலிடும் குடும்பச் சடங்கு), கல்யாணம் போன்றவற்றுக்கு வளவையும் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு) முற்றத்தையும் பங்காளிகள் கேட்பார்கள். அது அவர்கள் உரிமை, அந்த வீட்டின் உயிரும் அதுதான். எந்தெந்த நாட்கள், எந்தப் பகுதி, எந்த அறை பூட்டியே இருக்கும் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், குடியிருப்பவருக்கும் பங்காளிகளுக்கும் இடையில் மனக்கசப்பு வராது.

வீட்டைச் சோதிக்கும் விதம்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மறுநாள் போய்ப் பார்ப்பது சிறந்தது. கையில் டார்ச், நீளமான திருப்புளி, 100 அடி டேப், ஒரு துண்டு பாலிதீன் ஷீட், அகலமான ஒட்டும் டேப் எடுத்துக்கொள்ளுங்கள்.

உத்தரமும் கைமரமும் (கூரைச் சரிவைத் தாங்கும் மரம்) பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் நுழைகிற நுனியில்தான் ஈரமும் கரையானும் சேரும். ஏணி வைத்து ஏறி, சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் திருப்புளியால் குத்துங்கள். நல்ல தேக்கு முனையை உள்ளே விடாது, 'டக்' என்று சத்தம் வரும். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கி, வெளியே எடுக்கும்போது தூளும் ஒட்டி வந்தால் அந்த நுனி போய்விட்டது. பர்மாத் தேக்கு என்று சொல்லப்படும் வீட்டிலும் ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டம்) வேறு மரமாக இருக்கும். அதை முதலில் கரையான் தின்னும். சுவரில் மண் கோடு ஏறுகிறதா என்று கதவு நிலையின் பின்பக்கம், மாடப்பிறைக்குள், மீட்டர் பலகையின் பின்புறம் பாருங்கள்.

சுவரில் ஈரக் கறை இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். கறை மேல் ஓர் அடிச் சதுரத்துக்குப் பாலிதீனை வைத்து நான்கு விளிம்பையும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். சுவரைத் தொடும் பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்க்கும் பக்கம் கோத்திருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை ஒரே மட்டமாகக் கறை என்றால் நிலத்து ஈரம் ஏறுகிறது. திட்டுத் திட்டாக மேலே இருந்தால் கூரை அல்லது குழாய்.

செலவைக் கணக்கிடும் முறை

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வி: இதனால் மாத வாடகை எவ்வளவு கூடும், அல்லது எத்தனை மாதம் காலியாகக் கிடப்பது குறையும்? உதாரணத்துக்கு, உள்ளேயே ஒரு கழிப்பறை கட்ட 1,20,000 ரூபாய் ஆகி, வாடகை 2,000 ரூபாய் கூடினால் 60 மாதத்தில் போட்டது திரும்பும். முகப்பை 3,00,000 ரூபாய்க்கு அழகுபடுத்தி வாடகை 1,000 ரூபாய் கூடினால் 300 மாதம் ஆகும். கூரை ரிப்பேருக்கு இந்தக் கணக்குப் போடாதீர்கள்; அது வாடகையைக் கூட்டாது, ஆனால் இல்லாவிட்டால் வாடகையே இல்லை.

வருமானத்தை 12 மாதமாக எழுதாமல் 10 மாதமாக எழுதுங்கள். ஒரு மாதம் காலிக்கு, ஒரு மாதம் ரிப்பேருக்கு. அந்தப் பத்திலிருந்து சொத்து வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் கழித்தபின் மிஞ்சுவதை மொத்த முதலீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகு விலை பேசுங்கள். பழைய வீட்டு வேலையில் மதிப்பீட்டுக்கு மேல் நூற்றுக்கு இருபது எப்போதும் தனியாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பூச்சை உடைத்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும்.

கூரை

வேலை வரிசை: கூரை, கரையான் மருந்து, குழாய், வயர், பூச்சு, தரை, கதவு, வெள்ளை. இந்த வரிசை மாறினால் ஒன்றை உடைத்து இன்னொன்றைச் செய்ய வேண்டிவரும். பங்குனியில் தொடங்கி ஆனிக்குள் முடிப்பதுபோல் வையுங்கள். ஆடியில் பலர் குடிபோக மாட்டார்கள்; ஆவணியில் பால் காய்ச்ச ஆள் வரும்போது வீடு தயாராக இருக்க வேண்டும்.

ஓட்டுக் கூரையை நடுப்பகலில் உள்ளே இருட்டாக்கிவிட்டு அண்ணாந்து பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரியும் இடமெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் கீழே தரையில் குறியிடுங்கள். ஓடு மாற்றுபவர் மேலே தேட வேண்டியதில்லை. நாட்டு ஓடு கூரையில் ஏறி இறங்கும்போதே சில உடையும், ஆகவே தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு ஓடு கூடுதலாக வாங்கி வீட்டிலேயே அடுக்கி வையுங்கள். அதே அளவு பழைய ஓடும், ரீப்பரும், கதவும், இடிக்கிற வீட்டுச் சாமான் விற்கும் காரைக்குடிக் கடைகளில் கிடைக்கும்.

ஒழுகலில் பெரும்பகுதி ஓட்டால் வருவதில்லை, கூடல்வாயால் வருகிறது. முற்றத்தின் நான்கு மூலையிலும் இரண்டு சரிவு சேரும் இடத்தில் உள்ள தகடு இற்றுப்போயிருக்கும், அல்லது காய்ந்த இலை அடைத்து, தண்ணீர் பக்கவாட்டில் ஓட்டுக்கு அடியில் ஏறும். தகடு இரண்டடி அகலத்துக்குக் குறையாமல், ஓட்டுக்கு அடியில் இரு பக்கமும் அரை அடிக்கு மேல் நுழைந்து, ஒன்றின் மேல் ஒன்று அரை அடி ஏறியிருக்க வேண்டும். கூடல்வாயைச் சரிசெய்யாமல் கீழே ஜிப்சம் சீலிங் அடித்து மறைப்பது பெரும் தவறு. ஒழுகல் தெரியாமல் மரம் உளுத்துப்போகும், எலியும் குடியேறும்.

மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தளம்) வீடானால், மேலே உள்ள தட்டோட்டின் (தட்டையான ஓட்டின்) மீது சிமென்ட் கான்கிரீட் போடச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். பாரம் கூடும், உத்தரம் தொய்யும். முளைத்திருக்கும் ஆல், அரசங்கன்றை வேரோடு எடுத்து, வெடிப்பை 'வி' வடிவில் வெட்டிச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்து அடைத்து, பெயர்ந்த தட்டோட்டைச் சுண்ணாம்புக் கலவையில் திரும்பப் பதித்தால் போதும். 1,000 லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன் எடை. அதை இந்தத் தளத்தின் நடுவில் வைக்கவே கூடாது. சுமக்கும் சுவருக்கு நேர்மேலே இரும்புச் சட்டம் போட்டோ, பின்கட்டில் தனித் தூண் கட்டியோ வையுங்கள்.

கான்கிரீட் தள வீடுகளில் சமையலறை, குளியலறைக் கூரையில் காரை பெயர்ந்து துருக் கம்பி தெரியும். கம்பி துருப்பிடிக்கும்போது பருத்து கான்கிரீட்டைத் தள்ளுவதால் வருவது அது. மேல்பூச்சு பூசினால் அடுத்த மழைக்கே விழும். தளர்ந்ததை முழுவதும் தட்டி, கம்பியைச் சுற்றி முக்கால் அங்குலம் வரை திறந்து, கம்பி பிரஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பியின் கனம் கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்காமல் மூடாதீர்கள். அந்த நிலையில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுவது அவசியம், கீழே ஒரு குடும்பம் தூங்கப்போகிறது.

சுண்ணாம்புச் சுவர்

செட்டிநாட்டு வீடு புதுப்பிப்பதில் இதைவிட அதிகம் கெடுக்கப்படும் இடம் வேறு இல்லை. ஒன்றரை, இரண்டடி கனமுள்ள செங்கல், சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை இழுத்து, பூச்சு வழியாகவே வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் சிமென்ட் பூச்சோ, புட்டியும் எமல்ஷனுமோ அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லை. மூன்றடியில் நின்ற ஈரம் ஐந்தடிக்கு ஏறும். உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, புதுப் பெயின்டைக் கொப்புளமாகத் தள்ளும். ஆறு மாதத்தில் குடியிருப்பவர் போன் செய்வார், நீங்கள் திரும்பப் பெயின்ட் அடிப்பீர்கள், திரும்பவும் உரியும்.

சரியான முறை இது. முதலில் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். சிமென்ட் ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீட்டுத் தரைமட்டத்துக்கு வந்திருக்கலாம். பின் சந்திலும் அப்படியே. சுவரை ஒட்டி மழைநீர் நிற்காதபடி ஓடை எடுத்து, மண்மட்டத்தை உள்தரைக்கு அரை அடியாவது கீழே இறக்குங்கள். பிறகு கறை முடியும் கோட்டுக்கு ஓர் அடி மேல்வரை பழைய பூச்சைத் தட்டி எடுங்கள். செங்கல் இடுக்கில் முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, உலர்ந்த பிரஷால் உப்பைத் தள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே போய்விடும். அதன்பின் குறைந்தது மூன்று வாரம் சன்னலைத் திறந்துவிட்டு ஆறவிடுங்கள். பங்குனி வெயிலைப் பயன்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது 15 நாள் தண்ணீருக்கு அடியில் ஊறவைத்திருக்க வேண்டும். நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்புக் கல்லைப் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, வேலை செய்பவருக்குக் கண்ணாடியும் கையுறையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு உப்பில்லாத மணல். கொட்டை நீக்கி உடைத்த கடுக்காயையும் வெல்லத்தையும் பத்து நாள் ஊறவைத்து வடித்த நீரில் கலவையைக் குழைப்பது இங்கத்திய வழக்கம். பிடிப்பும் உறுதியும் கூடும். முதல் பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் கழித்து, நகத்தால் அழுத்தினால் பதியாத நிலையில், இரண்டாவது. தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்து ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் முடி முடியாக வெடிக்கும்.

மேலே மூன்று கை சுண்ணாம்பு வெள்ளை. சட்டையில் ஒட்டுகிறது என்று குடியிருப்பவர் சொல்லாமலிருக்க வச்சிரம் (ஒட்டுப் பசை) கலந்து அடியுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய வழவழப்புச் சுவர் எங்காவது மிஞ்சியிருந்தால் அதன்மேல் எதுவுமே அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தாலே முகம் தெரியும். இன்று அதை அப்படிச் செய்து தரும் கொத்தனார் மிகச் சிலர். வாடகை வீட்டுக்கு அதைப் புதிதாகச் செய்யச் செலவும் தாங்காது. இருப்பதைக் காப்பாற்றுவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

கரையானுக்குத் தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓர் அடிக்கு ஒன்றாக, அரை அங்குல விட்டத்தில் துளையிட்டு மருந்து செலுத்துவார்கள். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தென்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. கிணறு இருக்கும் பின்கட்டில் இந்த வேலை வேண்டாம். மருந்து கிணற்றுக்கு இறங்கும்.

கழிப்பறையும் தண்ணீரும்

புதுக் கழிப்பறையை வளவு அறைக்குள் நுழைக்காதீர்கள். மர உத்தரத்துக்கு அடியில் நீராவியும் கசிவும் சேர்ந்தால் உத்தரம் போய்விடும். இரண்டாம் கட்டின் ஓரத்தில், வெளிச்சுவரை ஒட்டி, நாலரைக்கு ஏழடி இடம் போதும். சுவர் எழுப்புவதென்றால் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அனுமதி முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

மலக்குழாய் 4 அங்குலம், பத்தடிக்கு 3 அங்குலச் சரிவு. சரிவு குறைந்தால் அடைக்கும். நூல் மட்டம் பிடித்துப் பார்க்காமல் மூட விடாதீர்கள். ஐந்து பேருக்கான செப்டிக் டேங்க் உள்ளளவு 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி தண்ணீர் ஆழம். அதற்கு மேல் ஓர் அடி வெற்றிடம். உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடி தள்ளி இருக்க வேண்டும். நீண்டு ஒடுங்கிய மனையில் இந்தத் தூரம் கிடைக்காவிட்டால் குழியைத் தோண்டாமல், டேங்கை மூடியதாகக் கட்டி லாரியில் எடுத்துவிடும் ஏற்பாட்டுக்குப் போங்கள்.

குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும், டைல் போடுமுன், வாய்க்குழாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விடுங்கள். பென்சிலால் மட்டம் குறித்து வையுங்கள். சுவரில் ஈரம் தெரிகிறதா என்று மறுபக்கம் போய்ப் பாருங்கள். இந்த இரண்டு நாளைச் சேமிக்கப் பார்த்தவர்கள் பிறகு டைலை உடைத்திருக்கிறார்கள். கதவு மரமாக வேண்டாம், பிவிசி போதும். தரை, வெளித்தரையைவிட ஓர் அங்குலம் கீழே.

ஆத்தங்குடி கல்லைக் குளியலறையில் போடாதீர்கள். அது சுட்ட கல் அல்ல; கண்ணாடி மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கழிப்பறை ஆசிட் ஒருமுறை பட்டாலே பூவும் கொடியும் வெளுத்துவிடும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் அதைவிடக் குளிர்ச்சியான தரை கிடையாது. பதித்த பின் மற்ற வேலை முடியும்வரை சாக்கு விரித்து மூடி வையுங்கள், சிமென்ட் கறை ஏறினால் போகாது. துடைக்கும் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் நடக்க நடக்க மினுக்கும். இதைக் குடிவருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நான்கு பேர் குடும்பத்துக்கு 1,000 லிட்டர் மேல்தொட்டி போதும். கிணற்றுத் தண்ணீரை மழையில்லா மாதத்தில் ஒருமுறை பரிசோதித்துச் சான்று வைத்துக்கொண்டால் வாடகை பேசும்போது உதவும். முற்றத்து மழைநீரைக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ திருப்புங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட ஒரு திருகு அடைப்பான் அவசியம்.

வயரிங்

மரச் சட்டத்துக்குள் ஓடும் பழைய வயரை ஒட்டுப்போடாமல் முழுவதும் மாற்றுங்கள். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, பவர் பாயின்டுக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4. ஒவ்வொரு வீட்டுப் பகுதிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) தனித்தனியாக. சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் குழாய் புதைத்தால் பூச்சு பலகை பலகையாக விழும். உத்தரத்தின் பக்கவாட்டில் ஓட்டி, சுவரில் வெளியே தெரியும் பிவிசி குழாயில் இறக்குவதுதான் இங்கே சரி. செம்புறாங்கல் நிலம் கோடையில் காய்ந்து எர்த் வேலை செய்யாது. எர்த் குழியைக் குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம் வைத்து, அளந்து பார்த்து 5 ஓம்ஸுக்குள் வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்.

இரண்டு குடும்பம் என்றால் இரண்டு மீட்டர். ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்தால் இரண்டு வீட்டு யூனிட்டும் சேர்ந்து மேல் அடுக்குக்குப் போய்விடும். இருமாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் அடுக்குகளே மாறுகின்றன. யார் எவ்வளவு கொடுப்பது என்ற சண்டை ஒவ்வொரு பில்லுக்கும் வரும். தனி இணைப்புக்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் காட்ட வேண்டியிருக்கும். கட்டுகளைப் பிரிக்கும்போதே இதை மனதில் வையுங்கள்.

குடிவைத்தல்

2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாய்ப்பேச்சு ஒப்பந்தம் செல்லாது. எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. வாடகை பாக்கி என்பதற்காகக் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்துவது சட்டப்படி தவறு. அப்படிச் செய்தால் உங்கள் பக்கத்து நியாயமும் போய்விடும்.

ரிப்பேரில் யார் பொறுப்பு என்பதையும் அந்தச் சட்டம் பிரித்திருக்கிறது. கூரை, சுவர், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் உரிமையாளருடையது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடை அடைப்பு குடியிருப்பவருடையது. இதை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் வீட்டுக்கேற்பப் பெயர் சொல்லி எழுதுங்கள்: "முற்றத்துக் கூடல்வாய் இலை எடுப்பது உரிமையாளர், வாய்க்கால் கம்பிவலை சுத்தம் செய்வது குடியிருப்பவர்" என்று. சுவரில் ஆணி அடிக்கும் இடம், ஆத்தங்குடித் தரையில் ஆசிட் தடை, படப்பிடிப்புக்கோ உள்வாடகைக்கோ விடக்கூடாது என்பது, இவை மூன்றும் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஒத்திக்கு விடும் பழக்கம் இந்தப் பக்கம் உண்டு. கையில் மொத்தமாகப் பணம் வருவதால் ரிப்பேருக்கு உதவும் என்று தோன்றும். ஆனால் கெடு முடிந்த அன்று முழுத் தொகையும் திரும்பக் கொடுக்க வேண்டும், அதுவரை வாடகை வராது. அந்தப் பணத்தைக் கூரையில் போட்டுவிட்டால் எங்கிருந்து எடுப்பது? புதிதாக இறங்குபவருக்கு இது வேண்டாம்.

ஆள் பார்க்கும்போது வேலை செய்யும் இடத்துச் சான்று, ஆதார் நகல், முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண் மூன்றையும் வாங்குங்கள். முந்தைய வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "திரும்ப வந்தால் வீடு கொடுப்பீர்களா?" சாதி, உணவு பார்த்து மறுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது மனிதருக்குச் செய்யும் அநியாயம். நல்ல குடித்தனக்காரரை இழக்கும் வழியும் கூட.

சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் கதவில் தொடங்கி வலமாகச் சுற்றி வீடியோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் எண்ணைப் படம் எடுங்கள். விளக்கு, விசிறி, குழாய், சாவி எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாடகை வங்கி வழியாக வரட்டும், ரசீது தவறாமல் போகட்டும்.

வரி: சொத்து வரியைக் கழித்த வாடகையில் 30 சதவீதம் நிலையான கழிவு கிடைக்கும், ரிப்பேர் பில்லைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆனாலும் பெரிய வேலைகளின் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது அடக்கவிலையில் சேரும். உரிமையாளர்களில் ஒருவர் வெளிநாட்டுவாசி என்றால், அவர் பங்கு வாடகையில் குடியிருப்பவர் வரி பிடித்தம் செய்யவேண்டிய கடமை உண்டு. இதை ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆண்டுக்கு இருமுறை, 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டு, வீட்டைப் போய்ப் பாருங்கள். ஆவணியில் கூடல்வாய், மழைநீர்க் குழாய், தட்டோட்டு வெடிப்பு. பங்குனியில் கரையான், எர்த் குழி, செப்டிக் டேங்க். வீடு காலியாகக் கிடந்தால் வாரம் ஒருமுறை எல்லாக் குளியலறை வாய்க்குழாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் வற்றினால் நாற்றமும் கரப்பானும் மேலே வரும், வீடு பார்க்க வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார்.

காலி செய்யும்போது முதல்நாள் வீடியோவை வைத்து இருவரும் சேர்ந்தே சுற்றிப் பாருங்கள். சுண்ணாம்பு வெளுப்பது, கதவுப் பிடி தேய்வது போன்ற சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்கக்கூடாது. உடைந்ததற்கும் மின்கட்டணப் பாக்கிக்கும் பில்லோடு கணக்கு எழுதிக் கொடுத்து, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பிவிடுங்கள். அவர் சாமான் ஏற்றிய லாரி போன அன்றே பின்கட்டுச் சன்னலைத் திறந்துவிட்டு, பூச்சு பெயர்ந்த இடங்களுக்குக் கலவை போடக் கொத்தனாருக்குச் சொல்லிவிடலாம். சுண்ணாம்பு ஊறுகிற 15 நாளை இழக்காமலிருக்க, ஒரு பழைய டிரம்மில் எப்போதும் கொஞ்சம் ஊறிக்கொண்டே இருக்கட்டும்.